நாவும் கத்தியும்: சத்திரசிகிச்சை ஆசிரியரைப் பயிற்றும் இணையவழி நெறிகள் பற்றிய ஒரு நோக்கு

கற்பிப்போருக்குக் கற்பித்தல் என்பது பொதுக்கல்வித் துறையில் நெடுங்காலமாக வேரூன்றிய ஒரு நடைமுறையாகும். எழுத்தறிவிப்பவனுக்கும் எண்ணறிவிப்பவனுக்கும் ஆசிரிய கலாசாலைகள் அமைந்து பல தலைமுறைகள் கடந்துவிட்டன. சத்திரசிகிச்சைத் துறையோ இவ்விடயத்தில் மிகவும் பின்தங்கியே வந்துள்ளது. கத்தி பிடிக்க அறிந்தவன் கத்தி பிடிக்கக் கற்பிக்கவும் அறிந்தவனே என்னும் எண்ணம் அத்துறையினரிடையே ஆழமாக நிலைபெற்றிருந்தது. அமெரிக்காவில் 1889 இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே வில்லியம் ஹோல்ஸ்ரெட் வகுத்த பயிற்சிமுறை உலகெங்கும் பரவியது. அம்முறையின் கீழ் இளையவர் மூத்தவரின் அருகே ஆண்டுக்கணக்கில் நின்று, பார்த்துப் பழகி, படிப்படியாகப் பொறுப்பேற்று, ஈற்றில் தாமும் மூத்தவராயினர். மூத்தவர் எவ்வாறு கற்பிக்கிறார், கற்பிக்கிறாரா என்பன வினாக்களாகவே எழவில்லை. நல்லாசானிடம் அகப்பட்டவர் நன்கு கற்றார். ஏனையோர் ஏச்சு வாங்கிக் கற்றனர்.

இந்நிலை மாறத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயாம். விபத்திற் காயமுற்றோரைப் பராமரிக்கும் பயிற்சிநெறியொன்று 1978 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் தொடங்கியது. அதனை ஏற்று நடாத்திய அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி, அந்நெறியைக் கற்பிப்பதற்கே தனியான போதனாசிரியர் பயிற்சியொன்றை வேண்டிற்று. இங்கிலாந்தின் அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரி பயிற்றுநரைப் பயிற்றும் நெறியை வகுத்தது. எடின்பரோப் பல்கலைக்கழகம் அந்நகரின் அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியோடு இணைந்து 2007 இல் இணையவழி முதுமாணிக் கற்கையொன்றைத் தொடங்கியதன் பின், சத்திரசிகிச்சைக் கல்வியையும் திரையினூடாக வழங்கலாம் என்ற துணிவு பிறந்தது. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று அத்துணிவைக் கட்டாயமாக்கியது. இன்று இரத்தினபுரியிலோ கேகாலையிலோ பணியாற்றும் ஒரு நிபுணர், இரவுக் கடமை முடிந்து விடுதி அறைக்குத் திரும்பிய பின்னர், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு கல்லூரியிடமிருந்து கற்பித்தற் கலையைக் கற்கலாம். சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இரத்தினபுரியில் மருத்துவ பீடமொன்றை நிறுவியுள்ள இக்காலத்தில், இது நம் பிரதேசத்தை நேரடியாகத் தொடும் விடயமுமாகும்.

இந்நெறிகளைப் பற்றி வழமையாகக் கூறப்படும் குறையொன்றுண்டு. சத்திரசிகிச்சை கைத்தொழில் போன்றது. கைவழி வருவதைக் கண்வழி புகட்ட முடியாது. ஆதலின் இணையவழி நெறி பயனற்றது என்பதே அது. இக்கூற்றிற் பாதி உண்மையுண்டு. சுசுருத சங்கிதை இதனை அன்றே உணர்ந்திருந்தது. பூசணியையும் சுரையையும் வெள்ளரியையும் அறுத்தும், தடித்த துணியையும் மென்தோலையும் தைத்தும், பலாச்சுளையிலிருந்து விதையைப் பிரித்தெடுத்தும் மாணவன் கைபழக வேண்டும் என அந்நூல் விதிக்கின்றது. பாடம் முழுவதையும் கேட்டறிந்தவனாயினும் கைபழகாதவன் தொழிலுக்கு உரியவனல்லன் என்பதே அதன் கொள்கை. ஆயினும் இக்குறையைப் பயிற்றுநர் நெறிகளின் மேற் சுமத்துவது பொருந்தாது. அவற்றிற் சேர்வோர் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். அவர்கள் கற்கவேண்டுவது முடிச்சுப் போடுவதன்று. முடிச்சுப் போடுவதைச் சொல்லித் தருவது. எப்போது பேசுவது, எப்போது வாளாவிருப்பது, தவறு நேர்கையில் மாணவனின் கையைத் தட்டிவிடுவதா, வினாவொன்றால் அவனைத் தடுத்து நிறுத்துவதா என்பன போன்ற இவையெல்லாம் பெரும்பாலும் மொழிசார்ந்த செயல்கள். மொழிசார்ந்தவற்றைத் திரை தாங்கும். அச்சுப் புத்தகமும் தாங்கியது. எனவே கையை முன்னிறுத்தும் கண்டனம் இலக்குத் தவறியது என்பதே எமது கருத்து. குறை வேறிடத்தில் உள்ளது. அது நாவிலே உள்ளது.

இந்நெறிகள் பலவற்றிலும் இடம்பெறும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு இதனை நோக்கலாம். வட அயர்லாந்துச் சத்திரசிகிச்சையாளர் றொட்னி பேற்றன் 1998 இல் எடுத்துரைத்த நாற்படி முறையே அப்பாடம். முதலாவது படியில் ஆசிரியர் பேசாது செய்து காட்டுகிறார். இரண்டாவதில் ஒவ்வொரு செயலையும் விளக்கியவாறு மீண்டும் செய்கிறார். மூன்றாவதில் மாணவன் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். நான்காவதில் மாணவனே சொல்லிச் செய்கிறான். இதன் உயிர்நாடி மூன்றாம் படியாகும். மாணவனது அறிவு கைக்கு இறங்குமுன் சொல்லாக வெளிப்படவேண்டும் என்பதும், சொல்லில் தடுமாறுபவன் செயலிலும் தடுமாறுவான் என்பதும் அதன் அடிப்படை. மிகச் சிறந்த கருத்தென்பதில் ஐயமில்லை. ஆயின் எந்தச் சொல், எந்த மொழிச் சொல் என்ற வினாவை இப்பாடம் எழுப்புவதேயில்லை. அதை வகுத்தவருக்கு அவ்வினா தோன்றவேண்டிய தேவை இருக்கவில்லை. அவருடைய மாணவனும் தாதியும் நோயாளியும் ஏறத்தாழ ஒரே மொழியைப் பேசினர். சப்பிரகமுவவின் வைத்தியசாலை விடுதியொன்றிலோ மாணவன் ஆங்கிலத்தில் விடையிறுக்கிறான். தாதியோடு சிங்களத்தில் உரையாடுகிறான். தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து கட்டிலிற் கிடக்கும் முதியவள் தமிழில் முனகுகிறாள். மூன்று மொழிகள் சந்திக்கும் அவ்விடத்திற் கற்பிக்கப் போகும் ஒருவரை ஒருமொழி உலகத்துக்கெனப் பயிற்றி அனுப்புகின்றன இந்நெறிகள்.

இது வெறும் மொழியுரிமைப் பிரச்சினையன்று. சத்திரசிகிச்சையின் உட்கூறான பிரச்சினையாகும். வயிற்றுநோவோடு வருபவரைக் கத்திக்குட்படுத்துவதா இல்லையா என்ற முடிவு, பரிசோதனைகள் எத்துணை பெருகியபோதும், இன்னும் பெருமளவுக்கு நோயாளி சொல்லும் வரலாற்றிலேயே தங்கியுள்ளது. தோட்டத்து மக்களின் பேச்சில் வயிற்றுநோவுக்கு ஒரு சொல்லன்று, ஒரு சொற்குடும்பமே உண்டு. “முறுக்குது” என்பது விட்டுவிட்டு வரும் குடல்வலி. “கடுக்குது” என்பது விடாது நிற்பது. “எரியுது” என்பது இரைப்பையை நோக்கி விரல் நீட்டுவது. “சுருக்குனு குத்துது” என்பது சடுதியில் எழுந்தது. “மொதல்ல தொப்புளச் சுத்தி முறுக்குச்சு, இப்பக் கீழ வலப்பக்கம் வந்து புடிச்சுக்கிட்டு நிக்குது” என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண் கூறுவாளாயின், குடல்வளரி அழற்சி பற்றிப் பாடநூல் விரித்துரைக்கும் நோவின் இடப்பெயர்ச்சியையும் இயல்மாற்றத்தையும் அவள் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டாள். இவ்வாக்கியம் அருகில் நிற்கும் சிற்றூழியர் வாய்வழியாக வைத்தியரை அடையும்போது “படே அமாருவ” என்றாகிவிடுகிறது. வயிற்றில் வருத்தம் என்பதற்குமேல் அதில் ஏதுமில்லை. மொழிபெயர்ப்பவர்மேற் குற்றமில்லை. அவர் அதற்கெனப் பயிற்றப்பட்டவருமல்லர். அதற்கு ஊதியம் பெறுபவருமல்லர். குற்றம், அவ்விடத்தில் ஒரு பாடம் இருக்கின்றது என்பதைக் காணத் தவறும் ஆசிரியப் பயிற்சியினுடையது. மாணவர் குழுவுடன் விடுதியைச் சுற்றிவரும் ஆசிரியர், அந்த நோயாளியின் சொல்லை அப்படியே திருப்பிக் கேட்கும்படி மாணவனைப் பணித்தாரெனின் அன்றைய வகுப்பு முழுமை பெற்றுவிடும்.

இதனினும் பாரதூரமானது சம்மதம் பெறுதல். பயிற்றுநர் நெறிகளில் இதற்கெனத் தனி அலகே உண்டு. ஆபத்துகளைக் கூறு, மாற்று வழிகளைக் கூறு, கேள்வி கேட்க இடமளி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் செய் என அது படிமுறையாகச் செல்லும். தோட்டப் பெண்ணொருத்தியின் செவியில் “ஆப்பரேசன்” என்னும் சொல் எவ்வாறு விழுகிறது என்பதை அந்த அலகு எவ்வாறு அறியும்? இலங்கையில் 1980 இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோருக்கு ஊக்குவிப்புப் பணம் வழங்கும் திட்டம் வலுப்பெற்றது. பெருந்தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை ஏனைய பகுதிகளைவிட மிகுதியாகக் காணப்பட்டமை பல ஆய்வாளரும் எடுத்துக்காட்டிய ஒன்று. அம்முடிவுகளில் எத்துணை பங்கு அவர்களுடையது, எத்துணை பங்கு தோட்ட நிருவாகத்தினதும் வறுமையினதும் என்பது தனித்து ஆராயப்படவேண்டியது. இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், அதன் விளைவாக லயத்து வழக்கில் அடைமொழியின்றி “ஆப்பரேசன்” எனில் பல பெண்களுக்கு அதுவே நினைவில் எழும் என்பதாகும். பித்தப்பைக் கல்லுக்கு ஆப்பரேசன் என்று கேட்டதும் பிள்ளைப்பேறு பற்றி ஒருத்தி அஞ்சி வினவுவாளாயின், அதனை அறியாமை என எண்ணி மாணவர் நகைப்பர். அது அறியாமையன்று, வரலாறு. அந்த நகைப்பைத் தடுத்து நிறுத்தி அவ்வரலாற்றை மாணவருக்கு உணர்த்துவதும் சத்திரசிகிச்சை ஆசிரியரின் கடமையே எனில், அதற்கு அவரை ஆயத்தஞ் செய்வது யார்?

இவ்வினாவுக்கு விடைதேட நாம் ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, தமிழிலேயே, இதற்கு முன்னோடி முயற்சியொன்று நிகழ்ந்துள்ளது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தளமாகக் கொண்டு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தவர், 1864 இல் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றோர் அரச சம்பளத்தை நாடிக் கிராமத்தை விட்டகல்வர். தமிழிற் பயின்றோர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கண்ட அனுபவ உண்மை. துருயிற் என்பாரின் ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலைத் தழுவிய “இரண வைத்தியம்” 1867 இல் வெளிவந்தது. “மனுஷ அங்காதிபாதம்”, “வைத்தியாகரம்” ஆகிய பெருநூல்கள் 1872 இல் தோன்றின. 1873 இல் தாயகம் மீண்ட பின்னரும் அவர் இப்பணியை விட்டாரல்லர். மசாசூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரில் இருந்துகொண்டே தமிழ் நூலாக்கத்தைத் தொடர்ந்தார். “கெமிஸ்தம்” 1875 இலும் “மனுஷ சுகரணம்” 1883 இலும் வெளிவந்தன. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

ஊஸ்ரரில் ஆசிரியர், யாழ்ப்பாணத்தில் அவரிடம் கற்றுத் தாமும் மொழிபெயர்ப்பாளராகவும் போதகராகவும் ஆகிவிட்ட முன்னாள் மாணவர், இடையே மாதக்கணக்கிற் செல்லும் கப்பல் தபால். இன்று தொலைக்கல்வி என நாம் புதிதாகக் கண்டவர்போற் கொண்டாடுவதன் உருவம் இதுவன்றி வேறென்ன? அங்கே தொலைவு தடையாகவில்லை. ஏனெனில் கற்பித்தலின் கடினமான பகுதி யாதென்பதைக் கிறீன் இனங்கண்டிருந்தார். ஓர் உறுப்பின் பெயரை, ஒரு கருவியின் பெயரை, ஒரு செயலின் பெயரை, கற்பவனும் நோயாளியும் வாழும் மொழியில் நிலைநிறுத்துவதே அப்பகுதி. சொல் கிடைத்தபின் மற்றவை தொடரும். மொழிபெயர்த்தவர்களே போதிப்பவர்களாகவும் அமைந்தமை தற்செயலன்று. ஒரு சத்திரசிகிச்சை நூலை இன்னொரு மொழிக்குக் கொணர்பவன், ஒவ்வொரு வரியிலும் ‘இதை எவ்வாறு சொன்னால் விளங்கும்’ என்று கேட்டுக்கொள்ள நேர்கிறது. பயிற்றுநர் பயிற்சியின் சாரமும் அக்கேள்வியேயன்றோ!

கிறீனைத் தெய்வமாக்கும் நோக்கம் எமக்கில்லை. அவரது நூல்களின் நடை வடசொற் பெருக்கால் இறுகியது. சுகரணம், அங்காதிபாதம் போன்ற ஆக்கங்களைக் கற்றோர் விளங்கினர். தோட்டக்காட்டிலிருந்து வந்த கூலியாள் விளங்கியிருப்பானா என்பது ஐயத்துக்குரியது. கெமிஸ்தம் என ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வாலொன்றை ஒட்டியமை நகைப்புக்கு இடமாயினும், எமக்கு அதுவே அவரது துணிச்சலின் அடையாளமாகப் படுகிறது. சமயம் பரப்பும் நோக்கமும் அப்பணியோடு பின்னிக் கிடந்தது. இவற்றினும் முக்கியமான வரையறை வேறு. அவரது உலகம் யாழ்ப்பாணக் குடாநாட்டோடு நின்றது. “மனுஷ அங்காதிபாதம்” அச்சேறிய அதே 1872 ஆம் ஆண்டிலேதான், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமொன்றைக் குடியேற்ற அரசு நிறைவேற்றிற்று. மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்துவந்து நோயால் மடிந்த தமிழ்க்கூலிகளின் தொகை அரசையும் அசைத்திருந்த காலம் அது. வடக்கே தமிழில் மருத்துவ நூல். தெற்கே மலையில் மருத்துவம் வேண்டிநின்ற தமிழர். இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கொழும்பில் 1870 இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டது. தமிழ் நூல்கள் நாளடைவில் வழக்கொழிந்தன. தோட்டத்து நோயாளியின் மொழிக்கும் வைத்தியரின் மொழிக்கும் இடையே அன்று விழுந்த பிளவையே இன்றைய விடுதியிலும் காண்கிறோம்.

கற்பித்தற் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். சத்திரசிகிச்சை வைத்தியசாலையோடு முடிவதன்று. தையலிட்ட காயத்துடன் யட்டியாந்தோட்டைக்கோ இறக்குவானைக்கோ திரும்பும் தொழிலாளி, அதன்பின் தோட்டத்து டிஸ்பென்சரியையே நம்பியுள்ளான். கவ்வாத்துக் கத்தி பட்ட முழங்காலுக்கு மருந்துகட்டுபவர் தோட்ட மருத்துவ உதவியாளர். 1990களின் நடுப்பகுதி தொடங்கித் தோட்ட வைத்தியசாலைகளைப் படிப்படியாக அரசு பொறுப்பேற்க முனைந்தபோதும், பல தோட்டங்களில் இன்னும் அவரே முதல் வைத்தியர். சிலவேளை ஒரே வைத்தியர். காயத்தில் சீழ் வைத்ததா, தையலை என்று பிரிப்பது, எந்த அறிகுறி கண்டதும் நோயாளியை உடனே கீழே அனுப்புவது என்பவற்றை அவருக்குக் கற்பிக்கவேண்டியவர் சத்திரசிகிச்சை நிபுணரே. மீள்பரிசோதனைக்கு வரச்சொன்ன நாளில் தொழிலாளி வராவிட்டால், அசட்டையென்று பதிவதற்குமுன் அன்றைய “பேர்” போய்விடும் என்பதை எண்ணவேண்டும். வேலைக்கு வந்ததாகப் பெயர் பதியப்பட்டாலன்றி நாட்கூலி இல்லை. பாதி நாள் போனால் “அரைப்பேர்”. பஸ் கட்டணம் வேறு. ஆதலால் காயம் வைத்தியசாலைக்கு வருவதிலும் பார்க்க, அறிவு தோட்டத்துக்குச் செல்வதே இலகு.

இங்கேதான் இணையவழிப் போதனை தன் உண்மையான வலிமையைக் காட்டக்கூடும். எடின்பரோவிலிருந்து இரத்தினபுரிக்கு வரும் அதே கம்பி, இரத்தினபுரியிலிருந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் செல்லலாம். மலைச்சரிவுகளில் அலைவரிசை அறுந்து அறுந்து வரும் என்பது உண்மையே. கைத்தொலைபேசியில் இறக்கிவைத்துப் பின்னர் கேட்கக்கூடிய பத்து நிமிடத் தமிழ்ப் பாடத்துக்கு அது பெருந்தடையாகாது. ஆயினும் பயிற்றுநர் நெறிகள் மேல்நோக்கியே பார்க்கின்றன. அவற்றின் மாணவன் நாளைய நிபுணன். அதற்குக் கீழே கற்போர் எவரும் இருப்பதாக அவை கருதுவதில்லை. அவை வழங்கும் சான்றிதழ் சுவரில் தொங்கும். பதவியுயர்வுக் கோவையிலும் இடம்பெறும். எவரது காயம் விரைவில் ஆறியது என்பதை அச்சான்றிதழ் கேட்பதில்லை.

எமது வாதத்துக்கு மறுப்புகள் எழாமலில்லை. சப்பிரகமுவத் தோட்டங்களின் இளந்தலைமுறை சிங்களத்தைத் தடையின்றிப் பேசுகிறது. சிங்களக் கிராமங்களோடு கலந்து வாழும் இப்பிரதேசத்தை நுவரெலியாவோடு ஒப்பிடலாகாது என்பர். சரியே. ஆனால் சந்தையிற் பேசும் மொழியில் ஒருவன் தன் நோவையும் சொல்லிவிடுவான் என எண்ணுவது தவறு. அச்சமும் நோவும் மிகும்போது நா தாய்மொழிக்கே மீள்கிறது. கத்திக்குக் கீழ் வருவோரிற் பலர் முதியோர் என்பதையும் மறத்தலாகாது. அடுத்து, தமிழ் மாணவரே வைத்தியராகி வந்துவிட்டால் இப்பிரச்சினை தீரும் என்பர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பகுதிகளில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் அருகியிருக்கும்வரை, இது காத்திருக்கச் சொல்லும் யோசனையேயன்றி வேறன்று. அப்படி வருபவரும் எல்லா விடுதிகளிலும் எல்லா இரவுகளிலும் இருக்கமாட்டார். சிங்கள மொழி ஆசிரியர் ஒருவர் தமிழிற் புலமை பெறவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தம் மாணவன் கட்டிலருகே எதைக் கேட்கத் தவறுகிறான் என்பதை அறியும் அளவுக்கு அவர் பயிற்றப்படவேண்டும் என்றே கேட்கிறோம்.

அதற்கு வேண்டிய மாற்றமும் பெரிதன்று. இந்நெறிகளின் இறுதி மதிப்பீட்டில், ஆசிரியர் தாம் கற்பிக்கும் காட்சியொன்றைப் பதிவுசெய்து அனுப்புவது வழமை. அக்காட்சி பெரும்பாலும் பஞ்சுப் பொம்மையின் மேல் தையலிடும் காட்சியாக அமைகிறது. அதற்குப் பதிலாக, குடலிறக்கத்துக்கு நாளை சத்திரசிகிச்சை செய்யப்படவிருக்கும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியிடம் மாணவன் விளக்கமளிக்கும் காட்சியைக் கேட்கலாம். நோயாளி வேடத்தில் தோட்டத்தவர் ஒருவரே அமரட்டும். மாணவன் சொன்னதை அவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். எத்தனை நாளைக்கு மரத்தில் ஏணி சாத்தக்கூடாது, பால்வாளி தூக்கக்கூடாது, எந்நாளில் டிஸ்பென்சரிக்குப் போகவேண்டும் என்பவற்றை அவர் தவறின்றிச் சொன்னால் மாணவன் தேறினான். அவனைப் பயிற்றிய ஆசிரியரும் தேறினார். புள்ளியிடும் தாளை அத்தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமே கொடுக்கலாம்.